மூக்குத் தண்டு வளைவு: எங்கே, எவ்வடிவில், எவ்வளவு?

மூக்கடைப்புக்காகக் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வருவோரில் பலர் கையில் ஒரு ஸ்கேன் அறிக்கையுடன் வருகின்றனர். 'மூக்கின் நடுச்சுவர் இடப்புறம் வளைந்துள்ளது' என்று அதில் ஒரு வரி இருக்கும். உடன் வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். இது ஆபத்தானதா? அறுவை சிகிச்சை செய்துதான் ஆக வேண்டுமா?

அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு இக்கேள்விகளுக்கு எங்களால் விடை கூற இயலாது. வளைவு எந்த இடத்தில் உள்ளது, எந்த வடிவில் உள்ளது, எவ்வளவு உள்ளது, அது நோயாளியின் மூச்சை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்னும் நான்கும் தெரிந்தாக வேண்டும். இந்நான்கையும் நாங்கள் எவ்வாறு கண்டறிகிறோம் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம். இதனை அறிந்துகொண்டால், தேவையற்ற அறுவை சிகிச்சையைத் தவிர்க்கவும், தேவையான சிகிச்சையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடாமல் இருக்கவும் உங்களால் முடியும்.

நடுச்சுவர் என்பது யாது?

பேச்சு வழக்கில் 'மூக்குத் தண்டு' என்று சொல்லப்படுவது, மூக்கின் உட்புறத்தை வலம், இடம் என இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரே ஆகும். அதை ஒரே எலும்பு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பல துண்டுகள் பொருந்திய சுவர். முன்பகுதி நாற்கர வடிவக் குருத்தெலும்பு. விரலால் தொட்டால் வளைந்து கொடுப்பது இதுதான். பின்புறம் மேலே ஒரு மெல்லிய எலும்புத் தகடும், கீழே கலப்பை முனையை ஒத்த மற்றோர் எலும்பும் உள்ளன. இவை யாவும் மேல்தாடை எலும்பின் நடுவே எழும் ஒரு வரப்பின் மீது அமர்ந்திருக்கின்றன. இருபுறமும் ஈரமான சளிச்சவ்வு போர்த்தியிருக்கிறது.

இத்துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களில்தான் வளைவுகளும் புடைப்புகளும் மிகுதியாகத் தோன்றுகின்றன. பிறப்பின்போது மூக்கின் மீது ஏற்படும் அழுத்தம், குழந்தைப் பருவத்தில் தவறி விழுதல், துண்டுகள் வெவ்வேறு வேகத்தில் வளர்தல், பின்னாளில் விளையாட்டிலோ வாகன விபத்திலோ படும் அடி ஆகியவை இதற்குக் காரணங்கள். எப்போது அடிபட்டது என்பது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை.

நடுச்சுவருக்கு எதிரே, மூக்கின் பக்கச் சுவரில் மூன்று சுருள் எலும்புகள் உள்ளன. அவற்றுள் கீழே இருப்பது பெரியது. அதன் மேலுள்ள சவ்வு இரத்தம் நிரம்பும்போது வீங்கும், வடியும்போது சுருங்கும். 'மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது' என்று சொல்லி வருவோரில் பலரிடம் நாங்கள் காண்பது புதிதாக வளர்ந்த சதையன்று. வீங்கிய இச்சுருள் எலும்பே.

முற்றிலும் நேரான நடுச்சுவர் அரிது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 14 நாடுகளில் பெரியவர்களைப் பரிசோதித்து 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், ஏறத்தாழ 10 பேரில் 9 பேருக்கு ஏதேனும் ஒரு வகை வளைவு காணப்பட்டது.  ஆகவே, 'வளைவு உள்ளது' என்பது பெரும்பாலும் ஓர் உடலமைப்புக் குறிப்பு மட்டுமே. அதுவே நோயின் பெயர் ஆகிவிடாது.

இடமே முதன்மை

மூக்கின் துளையிலிருந்து சற்று உள்ளே, நடுச்சுவரும் பக்கவாட்டுக் குருத்தெலும்பும் ஒரு குறுகிய கோணத்தில் சந்திக்கும் இடம் உண்டு. இதனை மூக்கு வால்வு என்கிறோம். மருத்துவ நூல்கள் இக்கோணத்தைப் பொதுவாக 10 முதல் 15 பாகை என்று குறிப்பிடுகின்றன. மூக்கு முதல் நுரையீரல் வரையிலான மூச்சுப் பாதை முழுவதிலும் காற்று எதிர்கொள்ளும் தடையில் ஏறத்தாழப் பாதி இந்த ஓர் இடத்தில்தான் ஏற்படுகிறது.

குழாய் ஒன்றின் ஆரம் பாதியாகக் குறைந்தால், சீரான ஓட்டத்தில் அதன் தடை இரு மடங்கு ஆவதில்லை. 16 மடங்கு ஆகிறது. மூக்கு ஒரு சீரான குழாய் அன்று. எனவே இக்கணக்கு அதற்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் குறுகிய இடத்தில் ஏற்படும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாற்றம் எவ்வளவு பெரிய இடையூறாக முடியும் என்பதை இது உணர்த்தும். அதே அளவு வளைவு மூக்கின் பின்பகுதியில், இடம் தாராளமாக உள்ள பகுதியில் இருந்தால், பலர் அதனை வாழ்நாள் முழுவதும் உணராமலே இருந்துவிடுவர்.

இக்காரணத்தால்தான் அமெரிக்க மூக்கியல் வல்லுநர் மாரிஸ் காட்டில், மூக்கின் உட்புறத்தை முன்னிருந்து பின்னாக ஐந்து பகுதிகளாகப் பிரித்தார். நுழைவாயில், வால்வு, மேற்கூரைப் பகுதி, சுருள் எலும்புகளின் முன்பகுதி, பின்பகுதி என்பன அவை. வளைவு இவற்றுள் எங்கே உள்ளது என்பதை இன்றும் நாங்கள் நோயாளியின் பதிவேட்டில் குறித்து வைக்கிறோம்.

வடிவத்தின் ஏழு வகைகள்

இடத்தைப் போலவே வடிவமும் வேறுபடும். குரோவேசிய மருத்துவர் ரான்கோ ம்லாடினா 1987ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாடு உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. அதன் சுருக்கம் வருமாறு:

வகை 1: வால்வுப் பகுதியில் ஒரு பக்கமாக, மேலிருந்து கீழாக ஓடும் மேடு. வால்வின் செயல் பாதிக்கப்படுவதில்லை.

வகை 2: அதே இடத்தில் அதே போன்ற மேடு, ஆனால் வால்வைச் சுருக்கி, அதன் செயலைக் கெடுக்கும் அளவுக்குப் பெரியது.

வகை 3: மேலிருந்து கீழாக ஓடும் மேடு, ஆனால் மேலும் உள்ளே, நடுச் சுருள் எலும்பின் தலைப்பகுதிக்கு எதிரே அமைந்தது.

வகை 4: ஒரு பக்கம் முன்னே ஒரு மேடு, மறுபக்கம் பின்னே மற்றொரு மேடு. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'எஸ்' போன்ற தோற்றம். இருபுறமும் அடைப்பு உண்டாகலாம்.

வகை 5: கீழ்ப்பகுதியில் கிடைமட்டமாக, முள் போல ஒரு பக்கம் நீளும் எலும்புப் புடைப்பு. மறுபக்கம் சமதளமாக இருக்கும்.

வகை 6: கிடைமட்டப் புடைப்பு ஒரு பக்கம், மறுபக்கத்தின் அடியில் வாய்க்கால் போன்ற பள்ளம்.

வகை 7: மேற்கண்டவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்தது.

இங்கே ஒரு தெளிவு தேவை. இவ்வெண்கள் நோயின் கடுமையைக் குறிப்பவை அல்ல. 'எனக்கு 5ஆம் வகை, அவருக்கு 2ஆம் வகை. ஆகவே எனக்குத்தான் அதிகம்' என்று கருதக்கூடாது. மூச்சைப் பொறுத்தமட்டில் வால்வை நெருக்கும் 2ஆம் வகை, பின்னால் நீளும் 5ஆம் வகையைவிடப் பெருந்தொல்லை தரக்கூடும். வகையின் பெயர், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எந்த இடத்தில் எதனைச் சீர்செய்ய வேண்டும் என்பதை மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் சுருக்கமாகத் தெரிவித்துக்கொள்ள உதவும் ஒரு குறியீடு.

நாங்கள் எவற்றை அளக்கிறோம்?

முதல் அளவீடு, நோயாளி கூறும் குறைகள். கேட்டு எழுதிக்கொள்வதோடு நில்லாமல் அவற்றை எண்ணாகவும் மாற்றுகிறோம். 2004ஆம் ஆண்டு அறிமுகமான ஐந்து கேள்விகள் கொண்ட படிவம் இதற்குப் பயன்படுகிறது. கடந்த ஒரு மாதத்தில் மூக்கு கனத்துத் திணறியதா, மூக்கு அடைத்துக்கொண்டதா, மூக்கு வழியே மூச்சு விடச் சிரமப்பட்டீர்களா, உறக்கம் கெட்டதா, உடற்பயிற்சியின்போதோ உழைக்கும்போதோ மூக்கு வழியே போதிய காற்று கிடைக்கவில்லையா என்பன அக்கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை 5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். 5 முதல் 25 வரை இலேசானது. 30 முதல் 50 வரை மிதமானது. 55 முதல் 75 வரை கடுமையானது. 80க்கு மேல் மிகக் கடுமையானது என்று கொள்வது வழக்கம். எடுத்துக்காட்டாக, 2, 3, 3, 4, 2 என மதிப்பெண் இட்டவரின் கூட்டுத்தொகை 14, அதாவது 70. சிகிச்சைக்குப் பின் அதே கேள்விகளை மீண்டும் கேட்டால், பலன் கிடைத்ததா என்பது வெளிப்படும்.

இரண்டாவது, நேரடிப் பரிசோதனை. மூக்கின் வெளித் தோற்றம், நுனி, துளைகள் ஆகியவற்றைப் பார்த்த பின், கன்னத்தை விரலால் மெல்ல வெளிப்புறமாக இழுத்து மூச்சு விடச் சொல்வோம். அப்போது மூச்சு எளிதானால், தடை வால்வுப் பகுதியில் இருக்கக்கூடும். அடுத்து, மெல்லிய உள்நோக்கிக் கருவியால் மூக்கின் பின்பகுதி வரை பார்க்கிறோம். சவ்வைச் சுருக்கும் மருந்தைத் தெளிப்பதற்கு முன்னும் பின்னும் இப்பரிசோதனையைச் செய்வதற்குக் காரணம் உண்டு. மருந்து தெளித்தபின் அடைப்பு நன்கு விலகினால், சிக்கலின் பெரும்பங்கு சவ்வின் வீக்கம். சற்றும் விலகாவிட்டால், எலும்பும் குருத்தெலும்புமே தடையாக இருக்க வாய்ப்பு மிகுதி.

மூன்றாவது, காற்றோட்ட அளவீடு. எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதுமில்லை. மிக எளியது, முகமூடி ஒன்றைப் பொருத்தி, வாயை மூடி, மூக்கால் முடிந்தவரை வேகமாக மூச்சை இழுக்கும் சோதனை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கருவி காட்டும். மற்றொரு முறை, ஒவ்வொரு பக்கத்திலும் காற்றழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒருசேர அளந்து, குறிப்பிட்ட அழுத்தத்தில், பொதுவாக 150 பாஸ்கலில், தடை எவ்வளவு என்று கணக்கிடுவது. மூன்றாவது முறை, ஒலி அலையை மூக்கினுள் செலுத்தி, திரும்பும் எதிரொலியைக் கொண்டு எந்த ஆழத்தில் பாதை எவ்வளவு குறுகியுள்ளது என்று வரைபடமாக்குவது. இவற்றுள் எதுவும் வலி தருவதில்லை.

நான்காவது, சி.டி. ஸ்கேன். முன்பக்கக் குறுக்குவெட்டுப் படத்தில், மூக்கின் மேற்கூரையில் சேவற்கொண்டை போல் எழும் எலும்பிலிருந்து நடுச்சுவரின் அடித்தளம் வரை ஒரு நேர்கோடு வரைகிறோம். அதே தொடக்கப் புள்ளியிலிருந்து வளைவின் உச்சிக்கு மற்றொரு கோடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணமே வளைவுக் கோணம். 9 பாகைக்குக் கீழ் இலேசானது, 9 முதல் 15 வரை மிதமானது, 15க்கு மேல் கடுமையானது என்று பல ஆய்வுகள் பிரிக்கின்றன. ஆனால் மூக்கடைப்பு உள்ள ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. சைனஸ் நோய், கட்டி போன்றவற்றின் ஐயம் இருந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, அறுவை சிகிச்சை சிக்கலானதாக இருக்கும் எனத் தோன்றினாலோ மட்டுமே பரிந்துரைக்கிறோம். மேலும், ஸ்கேன் அன்றைய ஒரு நொடியின் அசையாப் படம்; மூச்சை இழுக்கும்போது வால்வு எவ்வாறு அசைகிறது என்பதை அது காட்டாது.

கோணமும் துன்பமும் ஒத்துப்போவதில்லை, ஏன்?

விளக்கத்துக்காக இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் கல்லூரி மாணவர். தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் 16 பாகை வளைவு, மூக்கின் பின்பகுதியில். மூச்சில் எந்தக் குறையும் இல்லை, மதிப்பெண் 5. மற்றவர் ஆட்டோ ஓட்டுநர். ஸ்கேனில் 7 பாகைதான். ஆனால் மேடு வால்வில் உள்ளது. இரவெல்லாம் வாயால் மூச்சு விடுகிறார், காலையில் தொண்டை வறண்டு எழுகிறார், மதிப்பெண் 70. கோணத்தை மட்டும் பார்த்தால் மாணவருக்குத்தான் சிகிச்சை வேண்டும். உண்மையில் உதவி தேவைப்படுபவர் ஓட்டுநர்.

இம்முரண்பாட்டுக்கு இடம் மட்டும் காரணமன்று. நலமாக உள்ள பலருக்கும் மூக்கின் இரு பக்கங்களும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறிச் சற்று வீங்கிச் சுருங்குகின்றன. 1895ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் கைசர் இச்சுழற்சியை விவரித்தார். ஆகவே காலையில் வலமும் மாலையில் இடமும் அடைப்பதாகத் தோன்றினால், அது இயல்பான சுழற்சியாகவும் இருக்கலாம். நிலையான வளைவு மணிக்கு மணி பக்கம் மாறாது.

மேலும், வளைவு இடப்புறம் இருக்க, அடைப்பு வலப்புறம் தோன்றுவதும் உண்டு. இடம் தாராளமாக உள்ள பக்கத்தில் சுருள் எலும்பு ஆண்டுக்கணக்கில் பருத்து அவ்விடத்தை நிரப்பிவிடுவதே இதற்குக் காரணம். சுவரை மட்டும் நேராக்கி, பருத்த எலும்பைக் கவனியாமல் விட்டால், அடைப்பு தொடரலாம்.

காற்று போகிறது என்ற உணர்வும் ஒரு காரணம். மூக்கின் சவ்வில் உள்ள நரம்புகள் காற்றின் அளவை நேரடியாக எண்ணுவதில்லை. காற்று பட்டு ஏற்படும் குளிர்ச்சியை உணர்கின்றன. மென்தால் கலந்த தைலத்தை முகர்ந்தவுடன் மூக்கு திறந்ததுபோல் தோன்றுவது இதனால்தான். பாதை அப்போது அகலமாவதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு தூண்டப்படுகிறது. ஆகவே, கருவி காட்டும் எண்ணும் நோயாளி உணரும் துன்பமும் வேறுபட்டால், யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று பொருளாகாது. 'ஸ்கேனில் ஒன்றும் பெரிதாக இல்லையே' என்று கூறி அவருடைய துன்பத்தை வீட்டில் உள்ளவர்கள் அலட்சியம் செய்தல் கூடாது.

முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது?

துன்பம் இல்லாத வளைவுக்குச் சிகிச்சை தேவையில்லை. துன்பம் உள்ளவர்களுக்கு, முதலில் ஒவ்வாமை போன்ற பிற காரணங்களைக் கண்டறிந்து, உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பும் சில வாரங்கள் தருகிறோம். தெளிக்கும்போது குழாயின் முனை நடுச்சுவரை நோக்காமல், அதே பக்கத்துக் காதை நோக்கி இருக்க வேண்டும். இல்லையேல் சுவரில் புண்ணாகி இரத்தம் கசியலாம். இம்மருந்து ஒரே நாளில் பலன் தராது. நாள்தோறும் பயன்படுத்த வேண்டும்.

கடையில் தாமாக வாங்கும் அடைப்பு நீக்கிச் சொட்டு மருந்துகள் வேறு வகை. அவை சில நிமிடங்களில் நிவாரணம் தரும். ஆனால் 5 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே அடைப்பை உண்டாக்கும் நிலை வரும். பல மாதங்களாக அவற்றைப் பயன்படுத்தி வருபவர்கள் தயங்காமல் எங்களிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இவற்றுக்குப் பிறகும் அடைப்பு மிதமாகவோ கடுமையாகவோ நீடித்து, பரிசோதனையில் அதற்கு ஏற்ற இடத்தில் வளைவும் இருந்தால், நடுச்சுவர் சீரமைப்பு அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறோம். இதன் பலனை இரு முக்கிய ஆய்வுகள் சோதித்துள்ளன. நெதர்லாந்தில் 203 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வும், பிரிட்டனில் 378 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வும், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதல் நலம் அடைந்ததைக் காட்டின. பிரிட்டன் ஆய்வில் ஆறு மாத முடிவில், குறைந்தால் நல்லது எனக் கொள்ளப்படும் 110 புள்ளி அளவுகோலில், அறுவை சிகிச்சை பெற்றவர்களின் சராசரி ஏறத்தாழ 20. மருந்து மட்டும் பெற்றவர்களின் சராசரி ஏறத்தாழ 40. அவ்வாய்வில் சேர்க்கப்பட்டவர்கள் மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட அடைப்பு உள்ளவர்கள் என்பதை மறத்தலாகாது. இலேசான தொல்லை உள்ளவர்களுக்கு இப்பலன் அப்படியே பொருந்தாது.

இச்சிகிச்சை மூக்கின் துளை வழியே செய்யப்படுவதால், பொதுவாக வெளியே தழும்பு இராது. மூக்கைத் தாங்குவதற்காக முன்னும் மேலும் குறைந்தது 1 செ.மீ. அகலக் குருத்தெலும்பை விட்டுவைத்து, வளைந்த பகுதியை மட்டும் நேராக்குகிறோம் அல்லது நீக்குகிறோம். இரத்தக் கசிவு, தொற்று, சுவரில் துளை, மேல் முன்பற்களில் சில காலம் மரத்த உணர்வு, வளைவு ஓரளவு மீண்டும் தோன்றுதல் ஆகியவை நேரக்கூடும். ஒவ்வாமையால் வரும் தும்மலும் நீர்வடிதலும் இதனால் நீங்கா. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயும் பொதுவாக இச்சிகிச்சையால் மட்டும் குணமாவதில்லை. வளரும் குழந்தைகளுக்கு, மிகுந்த துன்பம் இருந்தாலன்றி, வளர்ச்சி நிறைவடையும் வரை காத்திருப்பதே பெரும்பாலும் நல்லது.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

மூக்கில் அடிபட்டபின் இருபுறமும் அடைப்பும் வலியும் கூடினால், அன்றே வாருங்கள். நடுச்சுவரில் இரத்தம் கட்டினால், குருத்தெலும்பு சில நாட்களில் அழிந்து மூக்கின் தண்டு உட்குழியக்கூடும். குழந்தைகளிடம் இது எளிதில் கவனிக்கப்படாமல் போகிறது. தலையில் அடிபட்டபின் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினாலும் உடனே வர வேண்டும். குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வந்தால், உள்ளே ஏதேனும் பொருள் சிக்கியிருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரே பக்க அடைப்புடன் அடிக்கடி இரத்தமும் வந்தால், அதனை வளைவு என்று தாமே முடிவு செய்துகொள்ளாமல் விரைவில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனைக்கு வரும்போது

வருவதற்கு முன் இரண்டு வாரங்கள், எந்தப் பக்கம், எந்த நேரத்தில் அடைக்கிறது, பக்கம் மாறுகிறதா, தூசியாலோ குளிராலோ கூடுகிறதா என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். பயன்படுத்திய சொட்டு மருந்துகளையும் தெளிப்புகளையும் கையோடு கொண்டு வாருங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் அதனைக் கட்டாயம் தெரிவியுங்கள். ஆனால் தாமாக நிறுத்திவிடாதீர்கள். முன்பே எடுத்த ஸ்கேன் இருந்தால் அறிக்கையோடு படங்களையும் கொண்டு வாருங்கள். அருகில் உறங்குபவர் உடன் வந்தால் மிகவும் நல்லது. குறட்டையையும் வாயால் மூச்சு விடுவதையும் நோயாளியைவிட அவரே நன்கு அறிவார்.

அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால் எங்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் வளைவு எந்த இடத்தில் உள்ளது? என் அடைப்புக்கு அதுதான் காரணம் என்று எவ்வாறு முடிவு செய்தீர்கள்? சிகிச்சைக்குப் பின் எது மாறும், எது மாறாது? இம்மூன்றுக்கும் தெளிவான விடை பெற்ற பின்னரே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.